சாட்சிய வகுப்பின் ஏழாம் விதி

யாரோ "பாக்கியம்!" என்று கூப்பிட்டார்கள். முப்பிடாதி திரும்பிப் பார்த்தாள்.

சட்டக் கல்லூரி ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல் அக்கா, பாத்திரம் கழுவுகிற அக்காவைக் கூப்பிட்டிருந்தாள். அவ்வளவுதான். முப்பிடாதிக்கும் அந்தப் பெயருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஜூலை மாதம் வகுப்பில் அவள் தலையில் அணிந்த நினைவு இழை ஒன்றில், பாக்கியம் என்ற பெண் நாற்சந்தியில் நின்றுகொண்டிருந்தாள். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பினாள். லாரி சைக்கிள்காரன் மேல் ஏறியது. அன்றிலிருந்து அந்தப் பெயர் காதில் விழுந்தால் முப்பிடாதியின் கழுத்து தானாகத் திரும்பும்.

"இன்னும் போகலையாட்டி அவ?" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த ஜெபசீலி. "நாலு மாசம் ஆச்சு."

"போவா. மெதுவாத்தான் போவா."

முப்பிடாதி தட்டைத் தள்ளி வைத்தாள். பாக்கியம் ஒருத்தி மட்டும் என்றால் பரவாயில்லை. நகைக்கடை வாசலில் நின்ற காவலாளி, பேருந்தில் கத்திக்குத்தைப் பார்த்த கண்டக்டர், கிணற்றை எட்டிப் பார்த்த மருமகள் என்று மொத்தம் பன்னிரண்டு பேர் அவளுக்குள் குடியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து அவளுக்கு ஒரே உடம்புதான் இருந்தது. எட்டு மணி நேரம் தூங்கினாலும், யாருக்கோ வேலை பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி எழுந்தாள்.

வகுப்பின் விதிகளை முதல் நாளே வாசித்துவிட்டார் ரஹ்மத்துன்னிசா மேடம். ஒரே தாள், இரண்டு பக்கமும் அச்சு. பஸ் நேரம் வாசிப்பது போல ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார்.

"ஒண்ணு. பதினாறு வகுப்பு, வகுப்புக்கு ஒரு இழை. எழுபத்தஞ்சு சதவீதம் வருகை கட்டாயம். அதாவது பன்னிரண்டு. பதினொண்ணுன்னா ஹால் டிக்கெட் கிடையாது, அடுத்த வருஷம் முதல்லேருந்து பதினாறும் அணியணும். ரெண்டு. மணி அடிச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்தா கதவு திறக்காது. மூணு. இழை முடியறதுக்கு முன்னால தலைப்பட்டையைக் கழட்டினா வரலைன்னு அர்த்தம். நாலு. அன்னைக்கே மூணு பக்கம் கையால எழுதித் தரணும். இடது பக்கம் கண்டது, வலது பக்கம் நினைச்சது. கலக்கக் கூடாது. அஞ்சு. இழையில பார்த்ததை இந்த அறைக்கு வெளியே பேசக் கூடாது. பேசினா ஒரு வருஷம் நிறுத்தம், அப்புறம் முதல்லேருந்து பதினாறு. ஆறு. யாரோட இழைன்னு தேடக் கூடாது. ஏழு. உடையவர் யாருன்னு தெரிஞ்சா உடனே எனக்கு எழுதித் தரணும். எழுதித் தந்தவங்க அதை அணிய வேண்டாம், வந்ததா எடுத்துக்குவோம். அந்த இழையைப் பாடத்திலிருந்து எடுத்திருவோம்."

இசக்கிராஜா கையைத் தூக்கினான். எல்லாவற்றுக்கும் கையைத் தூக்குகிறவன் அவன். "மேடம், இழை குடுத்தவங்களுக்கு அது நிஜமாவே ஞாபகம் இருக்காதா?"

"இருக்காது. முன்னாடி சாட்சி வாயால சொன்னாங்க. பொய் கலந்துச்சு, மறதி கலந்துச்சு. இப்ப அந்த நேரத்து நினைவையே மெஷின் உருவி எடுத்திருது. நீதிபதி அதைத் தலையில போட்டுப் பார்க்கிறார். உருவின இடம் காலி."

"திருப்பிக் கேட்டா?"

"உடையவருக்கு மட்டும் தரவே கூடாதுன்னு சட்டம்."

"நமக்கு மேடம்? நாம போட்டுப் பாக்கோம்ல?"

"நமக்கு ஒட்டிக்கும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம். அப்புறம் தேஞ்சிரும்னு சொல்றாங்க." மேடம் தாளை மடித்தார். "எனக்கு இது பதினோராவது வருஷம்."

எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். படிக்காமல் போட்டவர்கள்தான் அதிகம்.

முப்பிடாதி போன வாரம் பன்னிரண்டை முடித்திருந்தாள். கடைசி வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. இனி அந்தப் பட்டையைக் கையால் கூடத் தொட மாட்டேன் என்று ஜெபசீலியிடம் சொல்லியும் இருந்தாள். ஜெபசீலிக்குப் பதினொன்று. நாளை வியாழக்கிழமை அவளுக்குக் கடைசி வாய்ப்பு. முப்பிடாதி காலைப் பிரிவு, ஜெபசீலி மதியப் பிரிவு.

"மாடிக்கு வாயேன். துணி எடுக்கணும்" என்றாள் ஜெபசீலி.

மாடிக் கொடியில் அவள் துணி ஒன்றுகூட இல்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஜெபசீலி பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சான்றிதழை எடுத்து நீட்டினாள். இழை எடுப்புச் சான்றிதழ். பெண், வயது ஒன்பது. எண் 4471.

முப்பிடாதிக்கு உடனே விளங்கிவிட்டது. அறிவிப்புப் பலகையில் நாளைய இழையின் எண்ணை அவளும் பார்த்திருந்தாள்.

"உன்னதா?"

"என்னதுதான்." ஜெபசீலி தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்தாள். "எங்க சித்தப்பாவ அப்பா கொன்னுட்டாருன்னு கேஸ். நான் மட்டுந்தான் சாட்சி. அந்த ஒரு சாயங்காலம் மட்டும் எனக்குக் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தது தெரியும். அடுத்தது ஆஸ்பத்திரிக் கட்டில்ல முழிச்சது. நடுவுல ஒண்ணும் இல்ல."

"அப்பா?"

"நாளைக்கழிச்சு விடுதலை. பன்னெண்டு வருஷம் முடிஞ்சிருச்சு. லெட்டர் போட்டிருக்காரு. சனிக்கிழமை பத்து மணிக்கு நம்ம காலேஜ் பஸ் ஸ்டாப்புல நிப்பாராம். நான் வரலைன்னா அடுத்த பஸ்ஸுல போயிருவாராம். அதுக்கப்புறம் தேடி வர மாட்டாராம். அம்மாகிட்டச் சொன்னா, போனீன்னா வீட்டுப் படி ஏறாதங்கா."

"நீ என்ன நினைக்க?"

"நான் என்னத்த நினைக்க? நினைக்கதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?" அவள் குரல் உடையவில்லை. அழுது முடித்து ரொம்ப நாளானவள் மாதிரிப் பேசினாள். "தீர்ப்ப வாங்கி வாசிச்சேன். பதினாலு பக்கம். அதுல நாலு பக்கம் என் பயம். 'தந்தையைக் கண்டதும் குழந்தையின் ஒவ்வொரு நரம்பிலும் எழுந்த அச்சமே இவ்வழக்கின் ஆணிவேர்' அப்படின்னு எழுதியிருக்காங்க. அப்பா கடைசிவரைக்கும் வாயே திறக்கல. அந்தப் பயத்த நான் பாத்ததே இல்லட்டி. எட்டு வயசுல என்னைத் தோள்ல தூக்கிட்டு உப்பளத்துக்குப் போனதுதான் எனக்குத் தெரியும்."

"ஏழாம் விதிப்படி எழுதிக் குடுத்திரு. நாளைக்கு நீ உள்ள போகவே வேண்டாம். பன்னெண்டு ஆயிரும்."

"எழுதிக் குடுத்தா இழையை எடுத்திருவாங்க. பிறகு ஒருத்தரும் பாக்க முடியாது. என்னத நானே போடச் சட்டமும் விடாது. மதியம் எழுதிக் குடுக்கேன்." அவள் முப்பிடாதியின் முகத்தைப் பார்க்கவில்லை. "காலையில நீ பாத்திரு. உள்ள என்ன இருந்துச்சுன்னு சொல்ல வேண்டாம். போகவா, வேண்டாமா, அது மட்டும் சொன்னாப் போதும்."

முப்பிடாதி கொடியில் கிடந்த யாருடைய துண்டையோ மடித்தாள். மறுபடி விரித்துப் போட்டாள். பதிமூன்றாவது ஆள்.

"சரி" என்றாள்.

*

"என்னட்டி முப்பி, பன்னெண்டு முடிச்சவ பதிமூணுக்கு வந்து நிக்க? உள்ள சுண்டல் குடுக்காங்களா?" என்றான் வாசலில் இசக்கிராஜா.

"ஆமா. உனக்கு ரெண்டு பொட்டலமாம். போ."

தலைப்பட்டைகளை மாட்டிவிடுகிற சண்முகக்கனி அண்ணாச்சி அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "உனக்குத்தான் முடிஞ்சிருச்சேம்மா?"

"சும்மாதான் அண்ணாச்சி. எவ்வளவு நேரம் இது?"

"பதினோரு நிமிஷம். கோர்ட்டுல கடைசி நாலு நிமிஷந்தான் போடுவாங்க. அவங்களுக்கு எங்க நேரம்? முழு இழையையும் காலேஜ் பிள்ளைங்கதான் போட்டுப் பாக்கு. அதுவும் இது புதுசா வந்தது, இன்னும் ஒருத்தரும் போடல. கண்ண மூடு."

குளிர்ந்த பட்டை நெற்றியைச் சுற்றி இறுகியது.

முதல் ஏழு நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு குழந்தை உப்பளத்து வரப்பில் நடந்து போனது. சாயங்கால வெயில் பாத்தித் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசியது. காலில் கறுப்பு ஷூ. புதுசு. பள்ளிக்கூடம் திறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஷூவோடு உப்பளத்துப் பக்கம் போனால் தோலை உரித்துவிடுவேன் என்று அம்மா காலையில்தான் சொல்லியிருந்தாள். குழந்தை வரப்பின் நடுவிலேயே, ஒரு காலுக்கு முன்னால் ஒரு காலாக வைத்து, கையை விரித்து நடந்தது. வரப்பு ஓரிடத்தில் குழைந்திருந்தது. வலது கால் சறுக்கியது. கணுக்கால்வரை பாத்திக்குள் போனது.

அங்கே தொடங்கியது பயம். குழந்தை உட்கார்ந்து பாவாடையால் ஷூவைத் துடைத்தது. துடைக்கத் துடைக்க வெள்ளை பூத்தது. உப்பு. இனி போகாது. அம்மா பார்த்துவிடுவாள். குழந்தைக்கு நடுக்கம் எடுத்தது.

எட்டாம் நிமிடத்தில் உப்பு அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். குழந்தை எழுந்து சுற்றிக்கொண்டு போனது. சித்தப்பா தரையில் கிடந்தார். அப்பா முதுகைக் காட்டி நின்றார். கையில் உப்பு வாரும் பலகை. அப்பா திரும்பினார். குழந்தை வலது காலை இடது காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. ஷூவுக்குள் விரல்களை மடக்கிக்கொண்டது. இதயம் அடித்த அடியில் காது அடைத்துப்போனது. இழை முடிந்தது.

பட்டையைக் கழற்றியபோது இருபத்தொன்பது பேரும் வெளிறிப் போயிருந்தார்கள். "பாவி. பெத்த பிள்ளை எப்படி நடுங்குது பாரு" என்றாள் பின்வரிசைப் பெண் ஒருத்தி. இசக்கிராஜாகூட கையைத் தூக்காமல் தண்ணீர் குடித்தான்.

முப்பிடாதி எழுதினாள். இடது பக்கம்: கிடந்தவர், நின்றவர், பலகை, முதுகு, திரும்பியது. அடி விழுந்ததை இழை காணவில்லை. வலது பக்கம்: பயம் அம்பாரத்தைச் சுற்றும் முன்பே இருந்தது. அது ஈரமான ஷூவுக்கான பயம். அப்பாவைக் கண்டு கூடியது, அவர் காலைப் பார்த்துவிடுவார் என்பதால். ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. எழுதி முடிக்கும்வரை அவளுடைய வலது கால் இடது காலுக்குப் பின்னால்தான் இருந்தது.

*

சைக்கிள் நிறுத்தத்தில் ஜெபசீலி காத்திருந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"போகவா, வேண்டாமா?"

போ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடத்தான் முப்பிடாதி வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் எதிரே நின்ற முகத்தைப் பார்த்ததும், சற்று முன்புவரை தான் குடியிருந்த உடம்பு அது என்று தோன்றியது. சொந்த வீட்டுக்காரியை வாசலில் நிறுத்திவைத்துப் பேசுவது மாதிரி கூசியது.

"ஷூ நனைஞ்சிருச்சுட்டி" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜெபசீலி கேட்டு முடிக்கும்வரை அசையவில்லை. கடைசியில், "அடிச்சத நான் பாக்கலையா?" என்றாள்.

"பாக்கல."

"அப்போ அவர் செய்யல."

"அப்படி நான் சொல்லல. பாக்கலைன்னுதான் சொல்லுதேன். ரெண்டும் வேற. நாலாம் விதி."

"விதிய விடுட்டி! என் பயத்த வச்சுத்தான உள்ள போட்டாங்க? அது ஷூவுக்குன்னா கேஸே இல்ல. மறுவிசாரணைக்கு மனுப் போடலாம். உன் நோட்ஸ் போதும்." அவள் கண்ணில் இத்தனை வெளிச்சத்தை முப்பிடாதி மூன்று வருடத்தில் பார்த்ததில்லை. பிறகு அந்த வெளிச்சம் தானாகவே அடங்கியது. "ஆனா நீ கையெழுத்துப் போடணும். யாரோடதுன்னு தெரிஞ்சே பாத்தேன், வெளியில சொன்னேன்னு எழுதணும். உன்ன நிறுத்திருவாங்க."

முப்பிடாதி யோசித்தாள். யோசிக்கக்கூட அலுப்பாக இருந்தது. ஒரு வருடம். ஊரில் அப்பாவுக்கு என்ன சொல்வது? மறுபடி முதலிலிருந்து பதினாறு பேர்.

"பேனா இருக்கா?" என்றாள்.

ரஹ்மத்துன்னிசா மேடம் இரண்டு தாள்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஒன்று ஜெபசீலியின் ஏழாம் விதிக் கடிதம். இன்னொன்று முப்பிடாதியின் வாக்குமூலம். மேஜையில் காலைப் பிரிவின் குறிப்புகள் அடுக்கியிருந்தன.

"நீ ஒன்றரைப் பக்கந்தான் எழுதியிருக்க" என்றார் முப்பிடாதியிடம்.

"அதுக்கு மேல ஒண்ணும் பாக்கலையே மேடம்."

"மத்தவங்க எல்லாரும் மூணு பக்கம் எழுதியிருக்காங்க. கொலையைக் கண்ணால பார்த்த மாதிரி." மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "நானும் காலையில போட்டேன். நானும் பார்த்த மாதிரித்தான் இருந்துச்சு. ஷூ எனக்குத் தோணவே இல்லை." கண்ணாடியை மறுபடி மாட்டினார். "அளவு குறைஞ்சதால பத்துக்கு அஞ்சுக்கு மேல போட முடியாது. நிறுத்தம் திங்கள்கிழமையிலிருந்து. விதியை எழுதினவளே நான்தான்மா, நான் மீற முடியாது. மனுவை நான் அனுப்பி வைக்கிறேன்."

*

சனிக்கிழமை பத்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே அவர் வந்துவிட்டார். பேருந்து நிறுத்தத்துக் கம்பத்தை ஒட்டி நின்றார். மழுங்கச் சிரைத்த முகம், ஒரு துணிப் பை. ஞானமுத்து என்ற அந்த ஆளை முப்பிடாதி அதற்கு முன் கண்டதே இல்லை. ஆனால் தோளின் சரிவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவளை அறியாமல் வலது கால் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

ஜெபசீலி நேராகப் போய் நின்றாள். "அப்பா."

"வளந்துட்ட" என்றார் அவர். தொட வந்த கையைத் தானே இழுத்துக்கொண்டார்.

"அப்பா, மனுப் போட்டிருக்கோம். நான் ஒண்ணும் பாக்கல. நீங்க அடிச்சது இழையிலயே இல்ல. உங்க பேர்ல இருக்கிறத அழிச்சிரலாம். நீங்க செய்யலைன்னு..."

"செஞ்சேன்."

ஒரு பேருந்து வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. போய்விட்டது.

"செஞ்சவன் நான்தான். வரப்புத் தகராறு. அவன் என்னமோ சொன்னான், பலகையால போட்டேன். ஒரே அடி. கொல்லணும்னு அடிக்கல, ஆனா அடிச்சேன்." அவர் மெதுவாக, கணக்குத் தீர்ந்துபோன ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார். "பன்னெண்டு வருஷம் குடுத்தாங்க. சரியாத்தான் குடுத்தாங்க. அந்த மனுவத் திருப்பி வாங்கிரு."

முப்பிடாதிக்கு நிறுத்தம் தொடங்கும் திங்கள்கிழமை ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்ட பேனாகூட ஞாபகம் வந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். கோபப்படத் தெம்பு இல்லை.

"பிறகு எதுக்கு என்னப் பாக்க வந்தீங்க?" என்றாள் ஜெபசீலி.

"ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுப் போயிருதேன்." அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "தீர்ப்புல நாலு பக்கம் வாசிச்சாங்க. என்னப் பாத்து என் பிள்ளை நரம்பு நரம்பா நடுங்குதுன்னு. அதுக்குப் பிறகு நான் என்னத்தப் பேச? உள்ள இருந்த நாள் பூரா தம்பிய நினைச்சு அழுதது உண்டு. ஆனா அந்த நாலு பக்கந்தான் என்னைத் தின்னுச்சு." தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "இன்னும் என்னப் பாத்தாப் பயமா இருக்காம்மா?"

"எனக்குத் தெரியாதுப்பா" என்றாள் ஜெபசீலி. "அது என்கிட்ட இல்ல. இவகிட்ட இருக்கு."

அவர் முப்பிடாதியின் பக்கம் திரும்பினார். பார்வை முகத்தில் நிற்கவில்லை. கீழே இறங்கி அவள் காலில் நின்றது. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக ஒளிந்திருந்த கால். செருப்புக்குள் மடங்கியிருந்த விரல்கள்.

"சீலி எதையாவது உடைச்சிட்டா இப்படித்தான் நிப்பா" என்றார் திகைத்துப்போய்.

வெளியே பேசக் கூடாது என்ற ஐந்தாம் விதியை ஒருமுறை மீறினாலும் இருமுறை மீறினாலும் தண்டனை ஒன்றுதான். முப்பிடாதி வாயைத் திறந்தாள். வந்த குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

"ஷூ நனைஞ்சிருச்சு."

"எந்த ஷூ?"

"புது ஷூ. பாத்திக்குள்ள கால் போயிருச்சு. துடைச்சாப் போகல. அம்மா அடிப்பாங்கன்னு பயம். அம்பாரத்தச் சுத்தி வர்றதுக்கு முன்னாலயே நடுங்கிட்டுத்தான் இருந்தேன். உங்களப் பாத்து இல்ல. நீங்க திரும்புனப்ப, காலப் பாத்திரப் போறீங்களேன்னுதான். வேற ஒண்ணுக்கும் இல்ல."

அவர் பையைக் கீழே வைத்தார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"கறுப்பு ஷூ" என்றார். "கயிறு கட்டுறது. பள்ளிக்கூடம் தொறந்து மூணு நாளுதான் ஆச்சு."

ஜெபசீலி அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த ஷூ ஞாபகம் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அது மூலையில் வெள்ளை பூத்துக் கிடந்தது. யார் நனைத்தது என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை. அம்மா ஒரு வார்த்தை திட்டாமல் அதைக் குப்பையில் போட்டாள்.

அடுத்த பேருந்தும் வந்து போனது. ஜெபசீலி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "உன் வருஷம் போச்சேட்டி."

"போட்டும்" என்றாள் முப்பிடாதி. நிழலில் எங்காவது படுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பதினாறு பேர். அதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

ஞானமுத்து எழுந்து பையைத் தோளில் மாட்டினார். இரண்டடி அவள் பக்கம் வந்து நின்றார். மறுபடி அவள் காலைத்தான் பார்த்தார்.

"ஷூதானம்மா. போனாப் போகுது" என்றார். "ஒருத்தரும் அடிக்க மாட்டாங்க. கால நேரா வை."

முப்பிடாதி ஒன்றும் செய்யவில்லை. கால் தானாக முன்னால் வந்து நின்றது.